பதினோரு பெட்டியும் ஒரு பேட்டரியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று காலை மட்டும் உடனடியிடமிருந்து ஏழு மெயில். ஏழிலும் கடைசி வரி ஒன்றுதான்: "உடனடியாகப் பார்க்கவும்." ஏழாவது மெயில் வந்தது, முதல் ஆறையும் பார்த்துவிட்டேனா என்று கேட்பதற்காக. மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. இந்த அலுவலகத்தில் அது யாருக்கும் நினைவில்லை. மேலாளர் உடனடி, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு அறைக்குக் கூப்பிட்டார். விஷயம் பல்லி அண்ணனைப் பற்றியது. லிஃப்ட் போகும் கிணற்றுக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பதால் மற்ற மெக்கானிக்குகள் வைத்த பெயர். அவருக்கும் அதில் வருத்தமில்லை. போன புதன்கிழமை ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்று, உள்ளே ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். சர்க்கரை நோயாளி. மயங்கி விழுந்துவிட்டார். (இப்போது நலம். எங்கள் கம்பெனிக்கு நாலு பக்கம் திட்டி எழுதும் அளவுக்கு நலம்.) அன்று லிஃப்ட் நின்ற தகவல் வந்ததும் புகார்ப் பிரிவு பல்லி அண்ணனுக்கு ஒரு மெயில் போட்டது. பதில் இல்லை. இன்னொரு மெயில் போட்டது. அதற்கும் பதில் இல்லை. ஆகவே, அறிவாளிகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தது: மூன்றாவது மெயில் போட்டது.

போனில் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கக்கூடாது. மெக்கானிக்கை யாரும் போனில் கூப்பிடக்கூடாது என்பது போன வருஷம் வந்த சட்டம். "பேசினா ஆதாரம் இல்ல. மெயில்னா ஆதாரம்." உடனடியின் பொன்மொழி. ஆதாரம் இப்போது மூன்று மெயிலாகப் பத்திரமாக இருக்கிறது.

மதியம் ஒன்றரைக்கெல்லாம் பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டது என்கிறார் அண்ணன். வேண்டுமென்றே அணைத்துவிட்டார், இல்லையென்றால் சார்ஜ் போடாமல் வந்தார் என்கிறார் உடனடி. இருபத்தேழாம் தேதி விசாரணை. அலட்சியம் என்று முடிவானால் வேலை போய்விடும். ஐம்பத்து நாலு வயது. இருபத்தெட்டு வருஷம் கிணற்றுக்குள்.

"நம்ம போன் முழு ஷிஃப்டும் தாங்கும்னு நீங்க காட்டணும். எந்த முறையில மெயில் எடுத்தா எவ்வளவு பேட்டரி போகுது, எல்லாத்தையும் ஒப்பிட்டு ஒரு ரிப்போர்ட்."

"எப்ப வேணும் சார்?"

கேட்டிருக்கவே கூடாது.

பிப்ரவரி 4, புதன்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவர், வார்த்தையையும் மில்லியில் அளந்துதான் கொடுப்பார். "பேட்டரி தீருதுன்னா மெயிலைக் கம்மி பண்ணுங்க" என்றார். கணினிப் பிரிவில் பதினைந்து வருஷமாக இருக்கும் அத்தனை பேருக்கும் (நான் ஒருத்திதான்) இது தோன்றவே இல்லை பாருங்கள்! சொல்லிவிட்டு, தினம் நாற்பது பேருக்கு அனுப்பும் காலை வணக்கப் படத்தைத் தேடப் போய்விட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

ஸ்டோரிலிருந்து ஆறு போன். எல்லாம் ஒரே மாடல், ஒரே வயது. ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறேன். எனக்கே நினைவிருக்கட்டும் என்று எழுதுகிறேன்; உடனடிக்கு இதைப் படம் போட்டுத்தான் காட்ட வேண்டும்.

முதல் போன் சோம்பேறி. நாம் விரல் வைத்து இழுத்தால்தான் மெயில் எடுக்கும். இரண்டாவது பாப். பழைய காலத்து முறை. கால் மணிக்கொரு தடவை சர்வரைத் தட்டி, இருப்பதை இறக்கிக்கொண்டு வந்துவிடும். மூன்றாவது ஐமேப். அதுவும் கால் மணிக்கொரு தடவைதான் போகும், ஆனால் மெயிலைச் சர்வரிலேயே விட்டுவிட்டு, எது படித்தது எது படிக்காதது என்று கணக்குப் பார்த்துவிட்டு வரும். நான்காவது ஐமேப் ஐடில். இது வீட்டுக்கே திரும்பாது. சர்வரோடு போட்ட இணைப்பை அறுக்காமல், "வந்துச்சா?" என்று காதை வைத்துக்கொண்டே இருக்கும். ஐடில் என்றால் சும்மா இருப்பதாம். சும்மா இருப்பது எவ்வளவு களைப்பான வேலை என்று எங்கள் மனிதவளப் பிரிவைக் கேட்டால் தெரியும். ஐந்தாவது ஆக்டிவ்சிங்க். இதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும், ஆனால் எத்தனை மெயில் பெட்டி இருந்தாலும் அத்தனைக்கும் சேர்த்து ஒரே இணைப்பு.

ஆறாவது போன், எங்கள் மெக்கானிக்குகளிடம் இருக்கும் அதே கம்பெனி செட்டிங். ஐடில்தான். ஆனால் பதினோரு பெட்டிக்கும். அவசரம், பராமரிப்பு, உதிரி பாகம், பாதுகாப்பு, சுற்றறிக்கை, விடுப்பு இன்னும் என்னென்னவோ. "பாராட்டு" என்று ஒரு பெட்டி கூட உண்டு. ஐடிலில் பெட்டிக்கு ஒரு இணைப்பு வேண்டும். பதினோரு பெட்டிக்குப் பதினோரு இணைப்பு.

பிப்ரவரி 6, வெள்ளி

"ரிப்போர்ட் எந்த நிலையில்?" மூன்று தடவை. போன்கள் இன்னும் சார்ஜில் இருக்கும் நிலையில்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலை எட்டு மணிக்கு ஆறும் நூறு சதவீதம். மேசையில் வரிசையாக அடுக்கி, திரையை அணைத்து, யாரும் தொடக்கூடாது என்று சீட்டு ஒட்டினேன். ஐந்து பேர் தொட்டார்கள். உடனடி தூக்கியே பார்த்தார்.

இன்று வந்த மெயில் மொத்தம் 214. அதில் ஒரு மெக்கானிக்குக்கு உண்மையிலேயே வேலை சொல்லும் மெயில் ஆறு. மிச்சம் "கிடைத்தது, நன்றி", "நன்றிக்கு நன்றி" வகை. எல்லோருக்கும் நகல்.

மாலை ஐந்துக்கு: சோம்பேறி 91. பாப் 84. ஐமேப் 82. ஆக்டிவ்சிங்க் 80. ஐடில் 79. கம்பெனி செட்டிங் 71.

எழுபத்தொன்று. தினம் நூறோடு வெளியே கிளம்பும் போன் எழுபத்தொன்றோடு வீட்டுக்குப் போகிறது என்றால் அண்ணன் சொன்னது பொய்தானே? அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை. ஆனால் முகத்தைப் பற்றி அட்டவணையில் எழுத இடமில்லை.

பிப்ரவரி 11, புதன்

ரிப்போர்ட்டை அனுப்பினேன். நாலு பக்கம், ஒரு வரைபடம். கடைசி வரி: "தற்போதைய செட்டிங்கில் போன் முழு ஷிஃப்டும் தாங்கும்." உடனடி அதை நாற்பத்து மூன்று மெக்கானிக்குகளுக்கும் நகல் வைத்து "அருமை!" என்று அனுப்பினார். பத்தொன்பது பேர் "வாழ்த்துகள்" என்றார்கள். பல்லி அண்ணனுக்கும் நகல் போயிருக்கிறது. அவருடைய கழுத்துக்கான கயிறு எவ்வளவு உறுதி என்று அவருக்கே அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறோம்.

பாராட்டுப் பெட்டிக்கு மெயில் வந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

அண்ணன் வந்தார். விசாரணை முடியும்வரை அவரைக் கிணற்றுப் பக்கம் விடாமல் ஸ்டோரில் உட்காரவைத்து நட்டு போல்ட்டை எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கதவருகிலேயே நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான்கு பதில் தயார் செய்துவிட்டேன்.

"உங்க ரிப்போர்ட்ட படிச்சேம்மா. நல்லா எழுதியிருக்கீங்க" என்றார்.

நான்கு பதிலும் வீண்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். மெஷின் சொல்றது தப்பா இருக்காதுல்ல?"

"ஏன்ணே?"

"இல்ல, ராத்திரி சார்ஜ் போட்ட மாதிரிதான் ஞாபகம். ஆனா உங்க பேப்பர்ல எழுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அப்ப நான்தான் போடாம வந்துட்டேனோ என்னமோ. வயசாகுதுல்ல? அந்தப் பெரியவருக்கு எதாவது ஆகியிருந்தா…" என் மேசையிலிருந்த போன்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மனிதர் தன் ஞாபகத்தை நம்பாமல் என் அட்டவணையை நம்புகிறார்.

பிப்ரவரி 16, திங்கள்

சனி ஞாயிறு முழுக்க ஒரே யோசனை. என் ஆறு போனும் எங்கே இருந்தன? ஜன்னல் ஓரம். தலைக்கு நேர் மேலே வைஃபை பெட்டி. நான்கு கோடும் முழுசாக. மெக்கானிக் ஜன்னல் ஓரத்திலா உட்கார்ந்திருக்கிறார்? நாள் முழுக்கக் கான்கிரீட் கிணற்றுக்குள், இரும்புக் கயிற்றுக்கு நடுவில், அடித்தளத்தில். அங்கே சிக்னல் வரும், போகும். சிக்னல் குறையக் குறைய போன் டவரைத் தேடி உயிரைக் கொடுத்துக் கத்தும். இணைப்பு அறுந்தால் மறுபடியும் போட வேண்டும். ஒன்று இல்லை, பதினோரு இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல், பூட்டு, சாவி, முதலிலிருந்து எல்லாம்.

நீச்சல் தெரியுமா என்று ஆளைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறேன். பதினைந்து வருஷ அனுபவம்!

பிப்ரவரி 18, புதன்

எங்கள் அலுவலக லிஃப்ட் மூன்று வாரமாக ஓடவில்லை. லிஃப்ட் கம்பெனியில் லிஃப்ட் ஓடாதது பற்றி யாரும் பேசுவதில்லை, மரியாதை கருதி. அது இன்று பயன்பட்டது. மெக்கானிக் இல்லாமல் கிணற்றுக் கதவைத் திறக்கக்கூடாது என்பது விதி. ஸ்டோரில் ஒரு மெக்கானிக் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தார். கேட்டதும் எழுந்து வந்தார்.

என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. "நீங்க அங்கயே நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஆறு போனையும் தன் கருவிப் பையில் போட்டு, அடித்தளத்துக்கும் தரைத்தளத்துக்கும் நடுவில் ஒரு கொக்கியில் மாட்டினார். காலை எட்டு மணி. ஒவ்வொரு மணிக்கும் அவர் இறங்கிப் போய்ப் பார்த்து, கீழேயிருந்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். பத்து மணிக்குக் கம்பெனி செட்டிங் 68. பதினொன்றுக்கு 51. பன்னிரண்டுக்கு 31. எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போனது.

ஒன்று நாற்பதுக்கு ஆறாவது போன் செத்தது.

மற்றவை ஐந்து மணிவரை உயிரோடு இருந்தன. பாப் 58, ஐமேப் 55, ஆக்டிவ்சிங்க் 44, ஒரே பெட்டிக்கான ஐடில் 37. சோம்பேறி 76. சோம்பேறிகள் எப்போதும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். கண் ஓரம் ஈரம். "அப்ப நான் மறக்கலையாம்மா?"

"மறக்கலண்ணே."

"சார்ஜ் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

"ஆமாண்ணே."

போனைக் கருவிப் பையில் போட்டு மூடினார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "இதை யாரும்மா இப்படிப் பதினோரு பெட்டிக்கு வச்சது?"

"சர்வர்லேருந்து வருதுண்ணே" என்றேன்.

சர்வர்லேருந்து வருதாம். மழை மாதிரி. தானாக.

பிப்ரவரி 19, வியாழன்

சர்வரில் எல்லாவற்றுக்கும் தடம் இருக்கும். தேடத் தேவையே இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தேன். போன வருஷம் ஜூன் 12, மாலை 4.52. செட்டிங் மாற்றியவர்: நான். அனுப்பப்பட்ட போன்கள்: 43.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. உடனடியின் ஒரு சுற்றறிக்கை ஒன்பது நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "ஒன்பது நிமிஷத்துல என்னென்ன நடக்கும்னு தெரியுமா? கணினிப் பிரிவு என்ன தூங்குதா?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைக்கு வந்து, உனக்கு உடனடியா வேணுமா, இந்தா வச்சுக்கோ, பாராட்டுப் பெட்டிவரைக்கும் வச்சுக்கோ என்று பதினொன்றையும் ஐடிலில் போட்டு நாற்பத்து மூன்று போனுக்கும் தள்ளிவிட்டேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

சோதித்துப் பார்த்தேனா? பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில், ஒரு போனில், பத்து நிமிடம்.

உடனடிக்குக் குத்திக் காட்ட நான் செய்த கிண்டல். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. எட்டு மாதம் கழித்து அது ஒரு சர்க்கரை நோயாளியையும் ஒரு மெக்கானிக்கையும் போய்க் குத்தியிருக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

வீட்டுக்காரர் முழுக் கதையையும் கேட்டார். படம் அனுப்புவதைக் கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ எதுக்குத் தலையைக் குடுக்கற? சிக்னல் கம்மியான இடத்துல பேட்டரி சீக்கிரம் தீருதுன்னு எழுது. பொய்யும் இல்ல. அந்த மனுஷனும் தப்பிச்சுடுவாரு."

"செட்டிங் யாரு வச்சதுன்னு கேட்டா?"

"கேட்டா பாத்துக்கலாம். கேக்காததுக்குப் பதில் சொல்றவளா நீ?"

இல்லைதான். மளமளவென்று எழுதினேன். "சிக்னல் குறைந்த சூழலில் பேட்டரி பயன்பாடு: கூடுதல் ஆய்வு." எவ்வளவு அழகான தலைப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அட்டவணையில் மறைத்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பத்து மூன்று போனிலும் அதே செட்டிங் என்றால் மற்ற நாற்பத்திரண்டும் ஏன் தினம் மதியம் சாகவில்லை? சர்வரில் பார்த்தேன். நாற்பத்திரண்டு போன் ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் எட்டிப் பார்க்கிறது. போன ஜூலையிலேயே, பேட்டரி நிற்கவில்லை என்று தெரிந்த ஒரே மாதத்தில், நாற்பத்திரண்டு பேரும் மெயிலைக் கையாலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். காலையில் ஒரு தடவை, சாப்பிடும் நேரத்தில் ஒரு தடவை. நடுவில் அவசரம் என்றால்? அதிர்ஷ்டம்தான். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் புகாரும் வரவில்லை. புகார் சொன்னால் ஒன்பது நிமிடப் பேச்சு கிடைக்கும் என்று அவர்களுக்கும் தெரியும்தானே.

செட்டிங்கை மாற்றக்கூடாது என்ற சுற்றறிக்கையை மதித்தவர் ஒரே ஒருவர். மற்ற நாளில் சிக்னல் கிடைக்கும் மாடிகளில் வேலை பார்த்துத் தப்பித்திருக்கிறார்; அந்தப் புதன்கிழமை நாள் முழுக்க அடித்தளம்.

அப்படியானால் என் அழகான தலைப்பு எதற்கும் உதவாது. சிக்னல் எல்லோருக்கும் ஒன்றுதான், மற்றவர் போன் ஓடுகிறதே என்பார்கள். ஓடாத போனை வைத்திருந்தவர் குற்றவாளி.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆனாலும் கூடுதல் ஆய்வைக் கொடுத்துப் பார்த்தேன். அதையேதான் சொன்னார் உடனடி. ஒரு வார்த்தை மாறவில்லை. "சிக்னல்னா எல்லாருக்கும்தானே மேடம்? முதல் ரிப்போர்ட்டே போதும். அது ஏற்கெனவே கமிட்டிகிட்ட போயாச்சு. அதுவுமில்லாம நாம ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. மனிதவளத்துல அவரோட பேசியிருக்காங்க. 'என் அலட்சியத்தால் நடந்தது'ன்னு ஒரு கடிதத்துல கையெழுத்துப் போட்டா, தானா விலகினதா வச்சுக்கலாம். வியாழக்கிழமை போடறேன்னு சொல்லிட்டாரு."

"போன் அணைஞ்சது அவர் தப்பு இல்லைன்னு அவருக்குத் தெரியும் சார். புதன்கிழமை என்கூட இருந்து பாத்தாரே."

"அதையும் சொன்னாராம். 'மத்தவங்க போன் எல்லாம் நல்லா இருக்கு, என்னுது மட்டும் எப்படி'ன்னு கேட்டிருக்காங்க. பதில் சொல்லத் தெரியல."

பதில் என்னிடம் இருக்கிறது. ஜூன் 12, மாலை 4.52.

எழுந்து வந்துவிட்டேன். வந்ததும் மெயில்: "நம் உரையாடலை உறுதிப்படுத்தி உடனடியாகப் பதில் அனுப்பவும்."

பிப்ரவரி 25, புதன்

நாளை அவர் கையெழுத்துப் போடுவார். இன்று சொல்லவில்லையென்றால் எப்போதுமே சொல்லப்போவதில்லை. காலையிலிருந்து மூன்று தடவை ஸ்டோர் வாசல்வரை போய்த் திரும்பினேன். ஒரு தடவை, எதற்கு வந்தேன் என்று கேட்டவரிடம் பேட்டரி செல் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். மேசையில் இப்போது எட்டு செல் இருக்கிறது.

நாலாவது தடவை உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பது நிமிடம், கூட்டம், என் கோபம், பதினோரு பெட்டி, நாற்பத்திரண்டு பேர். சர்வரிலிருந்து வருகிறது என்று நான் சொன்ன பொய்.

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு மாசமா என் பொண்டாட்டி ராத்திரி ரெண்டு தடவை எழுந்து சார்ஜர் சொருகியிருக்கான்னு பாக்கறா. எனக்கு மறதி நோய்னு நினைச்சுட்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. நானும் போனேன். தலையை போட்டோ எடுத்தாங்க."

"அண்ணே…"

"புதன்கிழமை உங்ககிட்ட கேட்டேன்ல? அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்தக் கடுதாசிக்கு சரின்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வாரம். நான் பதிலே இல்லாம அவங்க முன்னாடி உக்காந்திருந்தேன்."

மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன். எல்லாத்துக்கும் ஒரு கிண்டல் வச்சிருப்பேனே, ஒண்ணுமே வரல. அவர் போல்ட் டப்பாவை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

பிப்ரவரி 26, வியாழன்

அவர் கையெழுத்துப் போடவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

விசாரணை. நீள மேசை, கமிட்டியில் மூன்று பேர், ஓரத்தில் உடனடி, எதிரே அண்ணன். எல்லோர் முன்னாலும் தண்ணீர் பாட்டில், திறக்கப்படாமல்.

முதல் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். கிணற்றுச் சோதனையின் அட்டவணையைக் கொடுத்தேன். ஐடிலுக்கும் ஆக்டிவ்சிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லும்போது கமிட்டித் தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு போன் பற்றிச் சொன்னதும் அது நின்றது. யார் யார் என்று பெயர் கேட்டார்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்றேன். அவர்கள் செய்தது சரியான வைத்தியம், தப்பு மருந்து கொடுத்தவள் நான் என்றேன். மருந்துக்கடைக்காரரோடு குடும்பம் நடத்துவதால் வந்த உவமை.

"இந்த செட்டிங் மாற்றத்தை எந்தக் காரணத்துக்காகச் செஞ்சீங்க?" என்று கேட்டார் தலைவர். பேனா தயாராக இருந்தது. தொழில்நுட்பக் காரணம் ஒன்றை எதிர்பார்த்தார், பாவம்.

"கோபத்துல, சார்."

"புரியல."

"திட்டு வாங்கினேன். பழி வாங்கறதா நினைச்சுச் செஞ்சேன். சோதிச்சுப் பாக்கல."

உடனடி என்னைப் பார்த்தார். யார் மேல் கோபம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முதல் தடவையாக அவர் எதையும் உடனடியாகச் சொல்லவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்தேன். பழுதான லிஃப்ட் முன்னால் நின்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகுதான் நினைவு வந்து படியில் இறங்கினேன்.

மார்ச் 3, செவ்வாய்

தீர்ப்பு மெயிலில் வந்தது. எல்லோருக்கும் நகல், வழக்கம்போல.

பல்லி அண்ணன் நாளையிலிருந்து வேலைக்கு. பதினோரு பெட்டியும் ரத்து. மெயில் இனி மணிக்கொரு தடவை, ஒரே இணைப்பில். அவசரம் என்றால் மெக்கானிக்கை நேராகப் போனில் கூப்பிட வேண்டும். இது ஒரு மாபெரும் புதிய திட்டம் என்று உடனடி அறிவித்திருக்கிறார். மனிதர்கள் மனிதர்களோடு பேசும் திட்டம்.

சர்வர் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து பார்த்துக்கொள்வாராம். நான் புகார்ப் பிரிவில், மெக்கானிக்குகளைப் போனில் கூப்பிடும் நாற்காலியில். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பேசாமல் போயிருப்பேன் என்று வீட்டில் பெரிதாகச் சொன்னேன். வீட்டுக்காரர் நம்பின மாதிரி தலையாட்டினார். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார், கேட்காமலேயே.

மார்ச் 17, செவ்வாய்

இன்று அண்ணனை நான்கு தடவை கூப்பிட்டேன். "ம்." "சரி." "ம்." "வச்சிடறேன்."

மார்ச் 25, புதன்

மதியம் மூன்று மணிக்கு ஒரு மெக்கானிக், "மேடம், என் போன்ல இன்னும் அறுபது இருக்கு, எதாவது கோளாறா?" என்று பயந்துபோய்க் கேட்டார். பழக்கமில்லை, பாவம்.

அந்தப் பெரியவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மெயில் இல்லை, தாளில். என் பெயரில். பதில் வரவில்லை. வர வேண்டும் என்றும் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

பத்து இருபதுக்கு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து அழைப்பு. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண்ணும் கைக்குழந்தையும். பக்கத்தில் வேலையில் இருப்பவர் யார் என்று பார்த்தேன். பல்லி அண்ணன்.

கூப்பிட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். விலாசம் சொன்னேன், உள்ளே யார் என்று சொன்னேன். "ம்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பைக் சத்தம் கேட்டது. பிறகு படி ஏறும் மூச்சு. போனைச் சட்டைப் பையில் போட்டிருப்பார் போல. அணைக்க மறந்துவிட்டாரோ என்று நானும் வைக்காமல் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டும் சத்தம். "பயப்படாதீங்கம்மா, நான் வந்துட்டேன். குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு பின்னாடி சுவரோட ஒட்டி நில்லுங்க. மேல போயி மெஷினைக் கொஞ்சம் நகர்த்தப் போறேன், லேசா ஆடும். நான்தான் ஆட்டறேன்." படி. இரும்புக் கதவு. நடுவில் சிக்னல் போய் நாலைந்து நொடி ஒன்றுமே இல்லை. மறுபடி வந்தது. சக்கரம் திரும்பும் கிறீச்சு. மறுபடி படி. கதவு திறக்கும் சத்தம், அந்தப் பெண் ஏதோ சொல்வது, உடனே குழந்தை அலறியது. நல்ல வலுவான தொண்டை.

கூப்பிட்டதிலிருந்து பத்தொன்பது நிமிடம்.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவர் போனை எடுத்துக் காதில் வைத்த சத்தம் கேட்டது.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுண்ணே."

"எழுதிக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

எழுதிக்கொண்டேன்.